பழம் சேர்த்த கோஸ் கோல்ஸ்லா: மயோனைஸ் இல்லாமல், தண்ணீர் விடாமல் செய்வது எப்படி?

மல்லிகை_திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கோல்ஸ்லா, அதுதான் அந்தப் பச்சைக் கோஸ் சாலட், அதன் மேல் ஆசை வந்துவிட்டது. கடையில் சின்னக் கிண்ணத்துக்குக் கேட்கிற காசில் முழுக் கோஸே வாங்கிவிடலாம். ஆனால் மயோனைஸ் எனக்கு வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டதைப் படித்ததிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை.

அதனால் வீட்டுத் தயிரில் செய்தேன். கோஸ், கேரட், அன்னாசி, கொஞ்சம் மிளகுத்தூள், அவ்வளவுதான். கலந்தவுடன் அருமையாக இருந்தது. மதியத்துக்குள் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி, தயிர் திரிந்தாற்போல் ஆகி, ஒரு கசப்பு வந்துவிட்டது. தயிர் புளித்தது இல்லை, அன்னாசியும் நல்ல இனிப்பு. கசப்பு எங்கிருந்து வருகிறது? தண்ணீர் விடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

உணவியல்_மாணவன்

அக்கா, கசப்புக்குக் காரணம் கோஸ் இல்லை, அன்னாசியும் தயிரும் சேர்ந்ததுதான். வேகவைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டிச் சின்னச் சின்னத் துண்டுகளாக்குவதுதான் அதன் வேலை. தயிரில் உள்ள பால் புரதம் அப்படித் துண்டாகும்போது வருகிற சில துண்டுகள் நாக்கில் கசக்கும். தயிரின் கெட்டித்தன்மைக்கும் அந்தப் புரதம்தான் ஆதாரம் என்பதால் தயிரும் இளகித் தண்ணீர் பிரியும். கலந்தவுடன் தெரியாது, நேரம் ஆக ஆகத்தான் தெரியும். கிவிப் பழத்திலும் பச்சைப் பப்பாளியிலும் இதே மாதிரி நொதிகள் உண்டு.

சூடு பட்டால் புரோமெலைன் செயலிழந்துவிடும். அன்னாசித் துண்டுகளை அகலமான கடாயில் எண்ணெய் இல்லாமல் போட்டு, சாறு கொதித்து வற்றும்வரை சில நிமிடம் வதக்கி, நன்றாக ஆறவிட்டுத் தயிரில் சேர்த்தால் கசக்காது. டப்பாவில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடு காட்டியது, அதனால் அதிலும் இந்தத் தொல்லை கிடையாது. கேரளத்து ஓண விருந்தில் வைக்கிற அன்னாசிப் பச்சடியைக் கவனித்துப் பாருங்கள். பழத்தை வேகவைத்த பிறகுதான் தயிர் ஊற்றுவார்கள்.

பச்சை அன்னாசிதான் வேண்டும் என்றால் தயிரை விட்டுவிட்டு எலுமிச்சைக்குப் போய்விடுங்கள். அங்கே வெட்டுவதற்குப் பால் புரதமே இல்லை.

அடுப்பங்கரை

மல்லிகை, தம்பி கசப்பைச் சொல்லிவிட்டார். தண்ணீரை நான் சொல்கிறேன்.

கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்பு பட்டால் அது வெளியே வரத்தான் செய்யும், யாராலும் தடுக்க முடியாது. அந்தத் தண்ணீர் கலந்து வைத்த கிண்ணத்தில் இறங்க வேண்டுமா, அதற்கு முன்பே வடிகட்டியில் இறங்க வேண்டுமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. முன்கூட்டியே உப்புப் போட்டுப் பிழிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அரை கிலோ கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காகப் பிளந்து நடுத்தண்டை நீக்கி, அரிவாள்மணையில் முடிந்தவரை மெல்லிசாக அரியுங்கள். அரிவாள்மணை பழக்கமில்லை என்றால் ஸ்லைசர் போதும். மிக்ஸியில் மட்டும் சுற்றாதீர்கள். கோஸ் நசுங்கினால் தண்ணீரும் கூடும், அந்தப் பச்சை வாடையும் கூடும். அரிந்ததில் தூள் உப்பு ஒரு தேக்கரண்டி தலைதட்டிப் போட்டு, விரலால் பிசறி, கண் வடிகட்டியில் அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். கீழே ஒரு பாத்திரம் இருக்கட்டும்.

அப்புறம் ஒவ்வொரு பிடியாக எடுத்துப் பிழியுங்கள். துணி முறுக்குவதுபோல் முறுக்க வேண்டாம், உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் போதும். ஓர் இழையை வாயில் போட்டுப் பாருங்கள். கையில் பிடித்தால் வளைய வேண்டும், பல்லில் கடித்தால் நறுக்கென்று சத்தம் வர வேண்டும். அதுதான் பதம். உப்புக் கரித்தால் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி மறுபடி பிழியலாம். கலவையில் தனியாக உப்பு வேண்டியிருக்காது, ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தயிரை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் தொங்கவிடுங்கள். ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஒரு பாத்திரத்தின் மேல் தொங்கவிட்டால் புளிக்காது. அந்தக் கெட்டித் தயிர் நான்கு மேசைக்கரண்டி, அரைத் தேக்கரண்டி கடுகுப் பொடி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, மிளகு. அரை கிலோ கோஸுக்கு இதுவே தாராளம். பழத்தைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் சேருங்கள்.

கொடைமலை

அடுப்பங்கரை அம்மா சொன்ன முறையை மறுக்கவில்லை. ஆனால் உடனே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் உப்பு வேண்டாம் என்பது என் கட்சி. அரிந்த கோஸை ஐஸ் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டால் இழைகள் விறைத்துக்கொண்டு நிற்கும். அந்த மொறுமொறுப்பு உப்பில் பிழிந்த கோஸுக்கு வராது. கோஸை வெட்டும்போது கடுகு மாதிரி ஒரு காரம் கிளம்புமே, அதுவும் தண்ணீரில் பாதி போய்விடும். வெயில் காலத்தில் விளைந்த கோஸில் அந்தக் காரம் கூடுதலாக இருக்கும். குளிரில் விளைந்ததில் இனிப்பு தெரியும்.

ஆனால் ஊறவைத்த பிறகு ஈரத்தை ஒற்றி எடுப்பதில் சோம்பல் கூடாது. பெரிய பருத்தித் துண்டை விரித்து, கோஸைப் பரப்பி, சுருட்டி, இரண்டு பக்கமும் பிடித்து உதறுங்கள். ஈரம் இருந்தால் எந்த டிரஸ்ஸிங்கும், அதாவது மேலே கலக்கிற தயிரோ எலுமிச்சையோ, இலையில் ஒட்டாது, வழுக்கிக் கீழே போய்விடும்.

வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். பார்வைக்குச் சின்னதாக இருந்தாலும் கை கனக்க வேண்டும். அழுத்தினால் உள்ளே போகிற கோஸ் பொரியலுக்குச் சரி, இதற்குச் சரிப்படாது. பாதியாக வெட்டி பிளாஸ்டிக் சுற்றி விற்பதையும் வாங்காதீர்கள்.

பழம் என்றால் எல்லோரும் அன்னாசியைத்தான் சொல்கிறீர்கள். எங்கள் மலைப் பேரிக்காயை மறந்துவிட்டீர்களே! ஜூலை, ஆகஸ்டில் கொடைக்கானல் சாலையோரம் கூடை கூடையாக வைத்திருப்பார்கள். வெளிநாட்டுப் பேரி மாதிரி கொழகொழவென்று இருக்காது, கல் மாதிரி கெட்டியாக, கடித்தால் சாறு தெறிக்கும். தோலோடு தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி கோஸில் போட்டால் எது கோஸ், எது பேரி என்று வாயில் போட்ட பிறகுதான் தெரியும். இதற்கு எலுமிச்சையும் மிளகும் போதும், வேறு எதுவும் போட்டு அதைக் கெடுக்காதீர்கள்.

தென்றல்_மதுரை

எல்லாம் சரி, பச்சைக் கோஸ் சாப்பிட்டால் மூளையில் புழு வரும் என்கிறார்களே? எங்கள் வீட்டில் மாமியார் கோஸை வேகவைக்காமல் தொடவே விட மாட்டார். பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

வெண்சங்கு

தென்றல், உங்கள் மாமியார் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. நான் செவிலியர், இந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கோஸ் மேல் மட்டும் பழி போடுவதுதான் தவறு.

அது பன்றி நாடாப்புழு. குடலில் அந்தப் புழு இருக்கிற மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அந்த மலம் கலந்த மண்ணோ தண்ணீரோ எந்தக் காயில் பட்டாலும் முட்டை ஒட்டிக்கொள்ளும். கொத்தமல்லி, கேரட், கீரை, வெள்ளரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அந்த முட்டை வயிற்றுக்குள் போய், அதன் இளம்புழு இரத்தம் வழியாக மூளைக்குப் போனால் வலிப்பு வரும். அப்படிப்பட்டவர் கை கழுவாமல் சமைத்தால் அந்த வழியாகவும் பரவும். கோஸுக்குள் புழு பிறப்பதில்லை.

மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் போட்டால் பூச்சியும் கம்பளிப்புழுவும் வெளியே வரும், அந்த அளவுக்கு அது நல்லது. ஆனால் நாடாப்புழு முட்டையை அது கொன்றுவிடும் என்று நம்பக் கூடாது. வினிகரும் அப்படித்தான். சூடு கொல்லும். பச்சையாகச் சாப்பிட வேண்டும் என்றால் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி அகற்றுவதுதான் வழி.

நான் செய்வது இது: வெளியே இருக்கிற மூன்று நான்கு இலைகளை எடுத்துவிடுவேன், அவை பொரியலுக்கோ கூட்டுக்கோ போய்விடும். கோஸை நான்காக்கி, இலை இலையாகப் பிரித்து, குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொரு இலையையும் இரண்டு பக்கமும் விரலால் தேய்ப்பேன். அரிந்த பிறகு கழுவுவதை நம்ப மாட்டேன், அதற்குள் கத்தியும் பலகையும் அழுக்கைப் பரப்பியிருக்கும். மீன், கறி வெட்டிய பலகையைக் கோல்ஸ்லாவுக்கு எடுக்கவே கூடாது.

கர்ப்பிணிகள், புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். அவர்களுக்காக, பிரித்த இலைகளைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் முழுக்கி எடுத்து, வடித்து ஆறவைத்து, நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவிய பழத்தோடு சேர்த்துக் கொடுங்கள். மொறுமொறுப்பு குறையும், பரவாயில்லை.

மல்லிகை, பள்ளி டப்பா பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டிய பழமும் தயிரும் கலந்ததைத் திருப்பூர் வெயிலில் மதியம்வரை வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரம், வெப்பம் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் பொதுவான விதி. பள்ளி விட்டு வந்த பிறகு வீட்டில் கொடுங்கள்.

மல்லிகை_திருப்பூர்

வெண்சங்கு அக்கா, ரொம்ப நன்றி. நான் அரிந்த பிறகுதான் கழுவிக்கொண்டிருந்தேன், இனி இலையைப் பிரித்தே கழுவுகிறேன். டப்பாவுக்குப் பதில் மாலைச் சிற்றுண்டி, அதுவும் சரி.

தயிரும் வேண்டாம், மயோனைஸும் வேண்டாம், ஆனால் அந்தக் கொழகொழப்பு வேண்டும் என்று பெரியவன் கேட்கிறான். ஏதாவது வழி உண்டா?

யாழ்க்குயில்

மல்லிகை, கச்சான் இருக்கே, பிறகென்ன கவலை? வறுத்துத் தோல் நீக்கின கச்சான் ஒரு கைப்பிடி, அரைத் தேசிக்காயின் (எலுமிச்சை) புளி, ஒரு சின்னத் துண்டு இஞ்சி, கொஞ்சம் சீனி, உப்பு, சுடுதண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. மிக்ஸியில் வழுவழுப்பாக அடியுங்கோ. கோவாவில் (நீங்கள் சொல்லுற கோஸ்தான்) பிரட்டினால் இலை இலையாய் ஒட்டி நிற்கும்.

எங்கள் வீட்டில் கோவாவைப் பெரும்பாலும் சம்பலாகத்தான் செய்வோம். இங்கே இலங்கையில் நுவரெலியாக் கோவா நல்ல இறுக்கமாய் வரும். அதை நூல் மாதிரி அரிந்து, தேங்காய்ப்பூ (துருவின தேங்காய்), சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி விட்டுக் கையால் பிசைவோம். அதிலேயே பச்சை அன்னாசியைச் சின்னதாய் வெட்டிப் போட்டுப் பாருங்கோ. தேங்காய்ப்பூ அன்னாசியின் சாற்றைக் குடித்துவிடும், அதனால் தண்ணீர் ஓடாது. இடியப்பத்தோடும் சரி, பொரித்த மீனோடும் சரி, வேறு கறி தேவைப்படாது. தேங்காய் சேர்ந்ததால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

உணவியல்_மாணவன்

கச்சான் என்று யாழ்க்குயில் அக்கா சொல்வது நம் வேர்க்கடலை. வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிற பிள்ளை வீட்டுக்கு வருகிறதா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். முந்திரியிலும் செய்யலாம், ஆனால் அதற்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. அரைக் கிண்ணம் முந்திரியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு, கடுகுப் பொடி, உப்பு, நான்கு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு அரைத்தால் மயோனைஸின் அந்த வெண்மையும் கனமும் அப்படியே வரும்.

கோஸை முழுசாகப் பூசி மறைக்கிற அளவுக்கு எதையும் ஊற்றாதீர்கள். கலந்து முடித்ததும் கிண்ணத்தைச் சாய்த்தால் எதுவும் ஓடக் கூடாது. அந்த அளவு போதும்.

சமையல்கட்டு_பாண்டி

இங்கே ஒரு மாற்றுக் கருத்து. நான் விருந்துகளுக்குச் சமைக்கிறவன். கொழகொழப்பே வேண்டாம் என்பவர்களுக்கு, நம் கோசுமல்லி இருக்கிறதே, அதை ஒட்டியே கோல்ஸ்லா செய்து வைக்கிறேன், தட்டில் மிச்சமே இருக்காது. ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு வைக்கிற அதே கோசுமல்லிதான். ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி, கேரட் இருக்கிற இடத்தில் கோஸ் கூடுதலாக வருகிறது, அவ்வளவுதான்.

பழத்துக்குக் கிளிமூக்கு மாங்காய். முழுப் பச்சையும் இல்லாமல், பழமும் இல்லாமல், உள்ளே லேசாக மஞ்சள் ஓடின பதத்தில் இருக்க வேண்டும். இனிப்பு, புளிப்பு இரண்டும் அதிலேயே கிடைக்கும், எலுமிச்சை பாதி போதும். கூடவே மாதுளை. மாதுளை முத்து தோலுக்குள் சாற்றைப் பூட்டி வைத்திருக்கும், கலந்தாலும் தண்ணீர் விடாது. கடலை எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கீறின பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஆறின பிறகு மேலே கொட்டுங்கள். சுடச்சுடக் கொட்டினால் கோஸ் வாடிவிடும்.

இருபத்தைந்து பேருக்குச் செய்வதென்றால் கோஸ் இரண்டு கிலோ, கேரட் அரை கிலோ, மாங்காய் நடுத்தரமாக நான்கு, மாதுளை மூன்று, பாசிப்பருப்பு கால் கிலோ. விருந்தில் மற்ற பதார்த்தங்களோடு வைக்கிற அளவு இது. கோஸை முந்தின இரவே அரிந்து ஈரமில்லாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். மாங்காய் காலையில், தாளிப்பும் எலுமிச்சையும் பந்திக்குப் பத்து நிமிடம் முன்னால்.

தென்றல்_மதுரை

பாண்டி அண்ணா, ஆப்பிள் போட்டால் கறுத்துவிடுகிறதே, விருந்துக்கு வைக்க முடியுமா?

சமையல்கட்டு_பாண்டி

வைக்கலாம் தங்கச்சி. பலகையிலேயே விட்டு வைக்காமல், வெட்ட வெட்ட எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டுக்கொண்டே வாருங்கள். புளிப்புப் பச்சை ஆப்பிள் என்றால் இன்னும் நல்லது. மாவாக உதிர்கிற ஆப்பிளை இதற்கு வாங்காதீர்கள், ஒரு கிளறலில் உடைந்து கலவையே மசிந்துவிடும். வாழைப்பழம், சப்போட்டா பக்கம் போகவே வேண்டாம். கொய்யா செங்காயாக இருந்தால் விதைப் பகுதியை நீக்கிவிட்டுப் போடலாம், மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை தூவினால் பிள்ளைகள் விட மாட்டார்கள். கறுப்பு உலர்திராட்சை கைப்பிடி போட்டால் கோஸ் விடுகிற ஈரத்தை அது இழுத்துக்கொண்டு உப்பும், அதுவும் ஒரு லாபம்.

மல்லிகை_திருப்பூர்

ஊதா கோஸ் கலந்தால் பார்க்க அழகாக இருக்குமே என்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் எல்லாமே ஊதாவாகிவிடுமோ?

கொடைமலை

ஆகும். அதனால் அதைத் தனியாக அரிந்து, தனியாக எலுமிச்சை பிசறி, கடைசியில் மேலே தூவுங்கள். எலுமிச்சை பட்டதும் ஊதா மாறி இளஞ்சிவப்பாகும், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிழியுங்கள், ரசிப்பார்கள். ஆப்ப சோடா பட்டால் நீலமாகும். ஊதா கோஸின் இலை பச்சைக் கோஸைவிடத் தடிப்பு, அதனால் அதை இன்னும் மெல்லிசாக அரிய வேண்டும்.

அடுப்பங்கரை

கொடைமலை, ஐஸ் தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், உடனே சாப்பிடுவதற்கு அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வேலைக்குப் போகிற பெண்களுக்கு உப்பு முறைதான் கைகொடுக்கும். பிழிந்த கோஸ் மூடின டப்பாவில் ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். அன்றன்றைக்கு ஒரு பிடி எடுத்து, கையில் கிடைத்த பழத்தை நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தால் ஐந்து நிமிட வேலை. என் மருமகள் அப்படித்தான் செய்கிறாள்.

தென்றல்_மதுரை

இன்னும் ஒரே ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தைராய்டு குறைவு, மாத்திரை எடுக்கிறேன். பச்சைக் கோஸ் கூடாது என்கிறார்கள். மாமியாருக்கு வாயு வேறு.

வெண்சங்கு

இதில் கோபிக்க என்ன இருக்கிறது தென்றல்? பச்சைக் கோஸில் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடிய பொருட்கள் இருக்கின்றன, வேகவைத்தால் குறையும். ஆனால் தினமும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டால்தான் கவலை. அயோடின் உப்பு சேர்க்கிற வீட்டில், வாரத்தில் ஓரிரு முறை ஒரு கை கோல்ஸ்லா பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தராது. உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மனசும் நிம்மதி. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். கோஸில் வைட்டமின் கே இருக்கிறது, திடீரென்று கூட்டிச் சாப்பிட்டால் மருந்தின் வேலை குறையலாம்.

மாமியாருக்கு முதலில் இரண்டு கரண்டி மட்டும் வையுங்கள். உப்பில் பிழிந்தது, மெல்லிசாக அரிந்தது, இஞ்சி சேர்த்தது. நன்றாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவருக்குக் கோஸ் கூட்டே போதும்.

மல்லிகை_திருப்பூர்

கலந்தது மிச்சமானால் என்ன செய்வீர்கள்? மறுநாள் வைத்தால் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள்.

யாழ்க்குயில்

எலுமிச்சையில் செய்ததென்றால் வடித்துவிட்டு ரொட்டிக்குள் சுருட்டிக் குடுங்கோ, உள்ளே ஒரு முட்டைப் பொரியலும் வைத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது.

அடுப்பங்கரை

மாங்காய் போட்ட கோசுமல்லி மிச்சமானால் நான் அடை மாவில் கலந்துவிடுவேன். மாதுளை முத்தைப் பொறுக்கிவிட்டு, கோஸை நன்றாகப் பிழிந்துவிட்டு, ஒரு கரண்டி அரிசி மாவு கூடச் சேர்த்து, கல்லில் கொஞ்சம் தடிமனாகத் தட்டி மூடி வைத்து வேகவிடுங்கள். தயிர் கலந்ததில் இது வராது, கல்லில் ஒட்டும். அதனால் தயிர்க் கலவையை மட்டும் எப்போதும் சாப்பிடுகிற அளவுக்கே கலக்குங்கள்.